அவள் சத்தம் போடவில்லை

போன மாதம் விருதுநகரில், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண் எஸ்.ஐ.க்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். இப்போது பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தைக் கேமராவில் பதிவு செய்கிறார்கள். அவள் பேசியது அவள் குரலிலேயே இருக்கும். எங்கள் காலத்தில் அது கிடையாது. அவள் சொல்லுவாள், நாங்கள் எழுதுவோம், நாங்கள் எழுதியதுதான் அவள் சொன்னது என்று ஆகிவிடும். இதைச் சொல்லி முடித்தபோது ஒரு எஸ்.ஐ. எழுந்து கேட்டார்.

"மேடம், புகார்ல ஒண்ணு இருக்கு. மருத்துவ அறிக்கை வேற சொல்லுது. சாட்சி இன்னொண்ணு சொல்றாங்க. மூணும் மூணு பக்கம் இழுத்தா எதை நம்புறது?"

அதற்குள் எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. அவருக்குச் சொல்ல நினைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விருதுநகரில் பிறந்தவள். அத்தா மிளகாய் மண்டியில் தரகு வியாபாரம் பார்த்தார். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்யாணத்துக்குக் காத்திருப்பார்கள். நான் எஸ்.ஐ. தேர்வு எழுதினேன். வேலைக்கு உத்தரவு வந்ததும் மண்டியில் இருந்தவர்கள் அத்தாவிடம் "பொம்பளப் பிள்ளைய போலீசுக்கா அனுப்புறீக?" என்று கேட்டார்களாம். "அவ போறா, நான் எங்க அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பயிற்சியில் ஓடினோம், சட்டம் படித்தோம், துப்பாக்கி சுட்டோம். ஒரு பெண் எதிரில் உட்கார்ந்து அழும்போது பேனாவை எப்போது எடுக்க வேண்டும், எப்போது கீழே வைக்க வேண்டும் என்பதை அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. அதை நான் கற்றது வேலையில், அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு மேலதிகாரியிடம்.

டி.எஸ்.பி. சங்கரபாண்டியன் சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. கோப்பு அவர் மேசைக்குப் போனால் அவர் படிக்க மாட்டார். விசாரித்தவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். நடுவில் கையை உயர்த்துவார். உயர்த்தினால் நிறுத்திவிட வேண்டும்.

முதல் பாடம் ஒரு பருப்பு மில் பெண் தொழிலாளியின் வழக்கில் கிடைத்தது. மாலை மங்கும் நேரத்தில் ரயில் தண்டவாளத்தின் ஓரமாக வீட்டுக்கு நடந்து வந்தவரை ஒருவன் இழுத்துக் கீழே தள்ளினான். அவர் போராடித் தப்பினார். கைக்கடிகாரம் மட்டும் போயிற்று. ஆளை அடையாளம் தெரியும் என்றார். அவர் தினமும் கடந்துபோகிற சைக்கிள் கடைக்காரர்தான் அது என்று அடித்துச் சொன்னார். நான் கைதுக்கே தயாராகிவிட்டேன். கோப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது, "தண்டவாளத்தைத் தாவிக் குதித்து ஓடினான்" என்ற இடத்தில் டி.எஸ்.பி.யின் கை உயர்ந்தது.

"அந்த சைக்கிள் கடைக்காரரை நீங்க நடக்கச் சொல்லிப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. போய்ப் பார்த்தேன். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கால் ஊனம். தாவ முடியாது. வேகமாக நடப்பதே சிரமம். சில வாரம் கழித்து வேறொரு திருட்டில் பிடிபட்டவனிடம் அந்தக் கைக்கடிகாரம் இருந்தது. நான் அந்தப் பெண்மீது கோபத்தோடு பேசியபோது டி.எஸ்.பி. தடுத்தார்.

"அவங்க பொய் சொல்லலம்மா. நடந்தது நடந்ததுதான். இருட்டுல பார்த்த மூஞ்சிக்குத் தினமும் பார்க்கிற மூஞ்சியை மாட்டிவிட்டாங்க. ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலைன்னா உடனே பொய்னு எழுதிடாதீங்க. எங்க கிழியுதுன்னு தேடுங்க."

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டராக இருந்தபோது வந்த வழக்கைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டேன். செல்வி என்று வைத்துக்கொள்கிறேன். முப்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. கணவர் மாரிச்சாமி சிவகாசியில் லாரி ஷெட் ஒன்றில் லோடு ஏற்றும் வேலை பார்த்தார். இரண்டு பிள்ளைகள். செல்வி சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் குழாயில் மருந்து அடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். அந்தக் கம்பெனியின் போர்மேன், பகல் வேளையில் காகிதக் குழாய்களை அடுக்கிவைக்கும் அறைக்கு அவளை வரச் சொல்லி, அங்கே அவளைப் பலாத்காரம் செய்தான் என்பது புகார். நடந்ததை அதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை. சில நாள் வேலைக்குப் போகாமல் படுத்துக்கிடந்தவளிடம் கணவர் துருவிக் கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறாள். அவரே உள்ளூர் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் புகார் கொடுத்தார். அங்கிருந்து வழக்கு எங்களிடம் வந்தது.

வந்தபோதே அது நொண்டியடித்துக்கொண்டுதான் வந்தது. "நான் கூச்சலிட்டேன். என் கூச்சலைக் கேட்டு அருகில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அவர்களைக் கண்டதும் எதிரி தப்பி ஓடிவிட்டார்" என்று புகாரில் இருந்தது. அடுத்த அறையில் வேலை பார்த்தவர்களில் இரண்டு பெண்களை உள்ளூர் போலீசார் கம்பெனி அலுவலகத்தில் வைத்தே விசாரித்திருந்தார்கள். இருவரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள்: எந்தச் சத்தமும் கேட்கவில்லை, நாங்கள் எங்கும் ஓடவில்லை. அரசு மருத்துவமனை அறிக்கையில் உடலில் காயம் எதுவும் இல்லை என்று இருந்தது. அதோடு, அந்தக் காலத்தில் எல்லா அறிக்கையிலும் வருகிற, இப்போது எழுதக் கூடாது என்று நிறுத்திவிட்ட ஒரு வரியும் இருந்தது: உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர். கல்யாணமாகி இரண்டு குழந்தை பெற்றவளைப் பற்றி இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கேட்பார் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு அந்த வரி வெல்லம்.

போர்மேன் சொன்னது எளிமையாக இருந்தது. மருந்தைச் சரியாக அடைக்கவில்லை என்று திட்டினேன், அதற்குப் பழிவாங்குகிறாள். இவ்வளவுதான். அவன் பக்கம் எதுவும் முரண்படவில்லை. முரண்பட்டதெல்லாம் அவள் பக்கம்தான்.

கோப்பை டி.எஸ்.பி. முன்னால் படித்தேன். "நான் கூச்சலிட்டேன்" என்று வந்ததும் கை உயர்ந்தது.

"இது யாரு பேசுறது?"

"செல்விதான் சார். புகார்தாரர்."

"அந்தப் பொண்ணு எந்த ஊரு? உங்க ஊர்ப் பக்கத்துல யாரும்மா கூச்சலிடுறா? 'எதிரி'ங்குறா, 'தப்பி ஓடிவிட்டார்'னு மரியாதை வேற குடுக்குறா. அந்தப் பொண்ணு பேசின வார்த்தை இதுல ஒண்ணாவது இருக்கா?"

நானே இந்த வாக்கியங்களை எத்தனையோ கோப்புகளில் படித்திருக்கிறேன். எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி கூச்சலிட்டிருந்தார்கள்.

"இதை எழுதினவரைப் பாருங்க. அப்புறம் அந்தப் பொண்ணைப் பாருங்க. வீட்டுக்காரர் இல்லாத நேரத்துல" என்றார்.

எழுதியவர் உள்ளூர் நிலையத்தின் ரைட்டர், ஏட்டு குருசாமி. ஓய்வுக்கு நெருங்கிக்கொண்டிருந்தவர், நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். நான் கேட்டதும் மறைக்கவில்லை.

"அந்தப் பிள்ளை ஒண்ணுமே பேசலம்மா. தலையக் குனிஞ்சே உக்காந்திருந்துச்சு. 'சத்தம் போட்டியா தாயி'ன்னு நாந்தான் கேட்டேன். வீட்டுக்காரர், 'போடாம இருப்பாளா'ன்னாரு. அது ஆமான்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. நான் எழுதிக்கிட்டேன்."

"ஓடிவந்தாகன்னு எழுதியிருக்கீகளே?"

"சத்தம் போட்டா நாலு பேரு வரத்தானே செய்வாக? சத்தம் போடலன்னு எழுதுனா, சம்மதிச்சுப் போனாள்னு கோர்ட்டுல சொல்லிருவாகம்மா. அந்தப் பிள்ளைக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் எழுதுனேன்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருபது வருடமாகக் கோர்ட்டில் அவர் பார்த்தது அதைத்தான். ஆனால் அவர் நல்லதை நினைத்து எழுதிய அந்த மூன்று வாக்கியங்கள்தான் இப்போது அவளைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டிருந்தன.

செல்வியை நான் சாதாரணப் புடவையில் போய்ப் பார்த்தேன். மாரிச்சாமி ஷெட்டுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். ஒற்றை அறை வீடு. பாய் விரித்தாள். நான் பேனாவை எடுக்கவில்லை. நீண்ட நேரம் கம்பெனி வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். எத்தனை குழாய் அடைப்பாள், வேன் எப்போது வரும், கை எரியுமா என்று. பிறகு, "செல்வி, ரைட்டர் எழுதுனது கிடக்கட்டும். அன்னைக்கு நீ சத்தம் போட்டியா?" என்றேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"போடலம்மா."

"பயமா?"

"பயந்தான். ஆனா அவனுக்குப் பயந்து இல்ல." எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அங்கன கத்தக் கூடாதும்மா. கத்துனா தீப்புடிச்சிருச்சுன்னு அர்த்தம். அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு ஓடுவாக. எல்லார் மடியிலயும் மருந்து இருக்கும். தட்டு ஒண்ணு தவறி விழுந்தாப் போதும். போன வருசம் ஒரு அக்கா பாம்பைப் பார்த்துக் கத்திட்டாக. ஓடுன ஓட்டத்துல மருந்துத் தட்டு உரசித் தீப்புடிச்சிருச்சு. பாம்பும் போயிருச்சு, அந்த ரூம்புல இருந்த ராமாயி மதினியும் போயிட்டாக. அன்னைக்குக் குழாய் ரூம்புக்குப் பக்கத்து ரூம்புல நாலு பேரு உக்காந்து மருந்து அடைச்சுக்கிட்டு இருந்தாக. என் சின்னம்மா மகளும் அதுல ஒருத்தி. நான் வாயத் தொறந்தேன்மா. சத்தம் வரல. வரவிடல."

அவனை இரண்டு கையாலும் நெஞ்சில் பிடித்துத் தள்ளியதாகச் சொன்னாள். அவன் பலசாலி. அவளால் முடியவில்லை.

"இதை ஏன் ஸ்டேஷன்ல சொல்லல?"

"இவுக பக்கத்துல உக்காந்திருந்தாக. 'போடாம இருப்பாளா'ன்னாக. இல்லன்னு சொன்னா இவுக என்னை என்னன்னு நெனப்பாக? படிச்சுக் காட்டுனாக. கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். கையெழுத்துப் போடுன்னாக, போட்டுட்டேன்."

அதாவது, பொய்யாக எழுதப்பட்ட அந்த வரிதான் அவளை அவள் வீட்டில் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கோர்ட்டில் அவளைக் கவிழ்க்கப்போவதும் அதே வரிதான். உண்மையைச் சொன்னால் வழக்கு பிழைக்கலாம், வீடு பிழைக்குமா என்று தெரியாது. இதை நான் அவளுக்குப் புரிகிறபடி சொன்னேன். முடிவு அவளுடையது என்றும் சொன்னேன். யோசிக்க நாள் வேண்டும் என்றாள். சரி என்று வந்துவிட்டேன்.

டி.எஸ்.பி.யிடம் வந்து சொன்னேன். "அவ சொல்றது கம்பெனி வழக்கமா, அவளா சொல்றதான்னு பார்த்துடுவோம்" என்று, முன்ஜாமீனில் இருந்த போர்மேனை விசாரணைக்கு வரவழைத்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். வெளியே வக்கீல் நின்றிருந்தார். டி.எஸ்.பி. செல்வியின் பெயரையே எடுக்கவில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லி, பட்டாசு வேலை எவ்வளவு ஆபத்தானது என்று பேச்சை ஆரம்பித்தார்.

"புதுசா சேர்றவங்களுக்கு முதல்ல என்ன சொல்லிக்கொடுப்பீங்க?"

போர்மேனுக்கு அது பிடித்த விஷயம். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"செருப்பு போடக் கூடாது சார். பெட்டிய இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்கணும். இரும்புச் சாமான் உள்ள வரக் கூடாது. முக்கியமா சத்தம் போடக் கூடாது. சத்தம் போட்டா தீன்னு அர்த்தம். வேற எதுக்கும் வாயத் தொறக்கக் கூடாது. முன்னால ஒருத்தி பாம்பப் பார்த்துக் கத்தி ஒரு உசுரு போச்சு. அதுலருந்து நான் கண்டிசனா சொல்லி வச்சிருக்கேன். பாம்பு கடிச்சாலும் கத்தாத, நடந்து வெளிய வான்னு. நம்ம கம்பெனியில ஒரு பய சத்தம் போட மாட்டான் சார். அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்."

"பொம்பளைகளும் கேட்டுக்கிறாங்களா?"

"அவளுகதான் சார் ரொம்பக் கேப்பாளுக."

டி.எஸ்.பி. தலையாட்டினார். "சரி, போயிட்டு வாங்க" என்றார். அவன் போன பிறகு என்னிடம், "குற்றஞ்சாட்டப்பட்டவன் போலீஸ்ல சொன்னது கோர்ட்டுக்கு ஆகாது. இதையே கம்பெனி மேனேஜர்கிட்ட எழுதி வாங்குங்க. அவருக்கும் இது பெருமையாத்தான் இருக்கும்" என்றார். அப்படியே இருந்தது. மேனேஜர் பாதுகாப்பு விதிகளைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னார். அது எங்களுக்கு எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்தது அந்த இரண்டு பெண்கள். ஒருத்தி செல்வியின் சின்னம்மா மகள். அவள் எங்களைக் கண்டாலே அழுதாள், ஒன்றும் சொல்லவில்லை. இன்னொருத்தி பேச்சியம்மாள், நாற்பது வயது. கம்பெனியிலோ அவள் ஊரிலோ வைத்துக் கேட்டால் அதே பதில்தான் வரும் என்று தெரிந்தது. அவள் அக்கா காரியாபட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கே ஒரு காதுகுத்துக்குப் பேச்சியம்மாள் போயிருப்பதாகக் கேள்விப்பட்டு நானும் போனேன். விசேஷம் முடிந்து களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மண்டிக்காரர் மகள் என்பதால் பேச்சு மிளகாயில் ஆரம்பித்தது. நானும் கூட உட்கார்ந்து காம்பு கிள்ளினேன்.

உள்ளூர் போலீசார் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி: சத்தம் கேட்டதா? அவள் இல்லை என்றாள். அது உண்மை. வேறு எதையும் யாரும் கேட்கவே இல்லை.

"அக்கா, சத்தத்தை விடுங்க. அன்னைக்கு நீங்க கண்ணால என்ன பார்த்தீகளோ அதைச் சொல்லுங்க" என்றேன்.

கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது.

"கோர்ட்டுக்கு வரணுமாம்மா?"

"வரணும்."

"வேலை போயிரும்."

"போகலாம். போகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

பேச்சியம்மாள் அக்காவைப் பார்த்தாள். அக்கா, "எங்கிட்டச் சொன்னதைச் சொல்லு" என்றாள்.

"போர்மேன் குழாய் ரூம்புலருந்து வெளிய வந்தாரும்மா. வெள்ளைச் சட்டை. நெஞ்சுல ரெண்டு கையும் அப்படியே பதிஞ்சிருந்துச்சு. அஞ்சு விரலும் தனித்தனியா, வெள்ளி மருந்து. அந்தாளு மருந்தைத் தொடவே மாட்டாரு. பைப்புக்குப் போயி சட்டைய நனைச்சுத் தேச்சாரு. அது தண்ணிக்குப் போகாது, எண்ணெய் போட்டாத்தான் போகும். கொஞ்ச நேரங் கழிச்சு இந்தப் பிள்ளை வந்துச்சு. ஒண்ணும் பேசல. தட்டுக்கு முன்னால உக்காந்து மறுபடி அடைக்க ஆரம்பிச்சிருச்சு. நான் பார்த்தேன். அதுவும் நான் பார்த்ததைப் பார்த்துச்சு."

வெள்ளி மருந்து என்பது அலுமினியப் பவுடர். போர்மேன் வீட்டைச் சோதனை போட்டுச் சட்டைகளை எடுத்தோம். ஒரு சட்டையின் பைக்குள்ளும் பொத்தான் பட்டித் தையலிலும் சாம்பல் நிறம் தங்கியிருந்தது. மதுரைத் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அலுமினியம் என்று அறிக்கை வந்தது. இதை வைத்து ஜெயித்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவன் சட்டையில் அது எப்படியும் இருக்கலாம் என்று அவன் தரப்பு சொல்லும், சொன்னது. பேச்சியம்மாளின் கண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு மதிப்பு.

மருத்துவரையும் போய்ப் பார்த்தேன். இளம் வயதுப் பெண். "காயம் இல்லைன்னா நடக்கலைன்னு அர்த்தமா டாக்டர்?" என்று கேட்டேன். "நான் அப்படி எழுதலையே. சில நாள் கழிச்சு வந்திருக்காங்க. காயம் இல்லைன்னுதான் எழுதியிருக்கேன், சம்பவம் இல்லைன்னு எழுதலை" என்றார். இதைக் கூண்டிலும் சொல்வீர்களா என்றேன். கேட்டால் சொல்வேன் என்றார். கேட்க வைத்தோம்.

இவ்வளவும் கையில் வந்த பிறகும் செல்வி முடிவு சொல்லவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. ஒருநாள் அவளே நிலையத்துக்கு வந்தாள்.

"நான் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன்மா."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சட்டையப் போட்டுக்கிட்டு அவுக ஆத்தா வீட்டுக்குப் போயிட்டாக. பிள்ளைகளை எங்கிட்டத்தான் விட்டுட்டுப் போயிருக்காக." பிறகு, "எழுதிக்கோங்கம்மா. எம் பேச்சுல எழுதுங்க" என்றாள்.

அப்படியே எழுதினேன். "கத்தல. கத்துனா அம்புட்டுப் பேரும் ஓடுவாக, தீப்புடிச்சிரும்னு பயந்தேன்." படித்துக் காட்டியபோது ஒரு இடத்தில் திருத்தினாள். நான் 'பயந்தேன்' என்று எழுதியதை 'நெனச்சேன்' என்று மாற்றச் சொன்னாள். மாற்றினேன். நீதித்துறை நடுவர் முன்னாலும் அதையே சொன்னாள்.

ஆனால் பதிவான புகாரை யாராலும் திருத்த முடியாது. அது கோர்ட்டில் இருந்தது.

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி. குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"கூச்சல் போட்டேன்னு புகார்ல இருக்கு. போடலைன்னு இங்க சொல்றீங்க. கையெழுத்து உங்களுதுதானே?"

"எங் கையெழுத்துதான்."

"அப்போ ரெண்டுல எது பொய்?"

"புகார்ல இருக்கிறது பொய்யிங்க. நான் சொல்லல. எழுதிப் படிச்சாக, எங்க வீட்டுக்காரர் இருந்தாக, நான் மறுக்கல."

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. தன் புகாரில் பொய் இருக்கிறது என்று புகார்தாரரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று வக்கீல் நீதிபதியைப் பார்த்தார். இனி எல்லாம் குருசாமி கையில் இருந்தது. அவர் கூண்டில் ஏறி, அவள் சொன்னபடிதான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. செல்வியின் வழக்கு அதோடு முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால் துறை விசாரணை வரலாம், ஓய்வூதியத்தில் கை வைக்கலாம். டி.எஸ்.பி. அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகியிருந்தார். குருசாமியிடம் யாரும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் கேட்டுக்கொள்ளக் கூடாது.

அவர் ஏறினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கூச்சலிட்டேன் என்ற வாக்கியம் புகார்தாரர் சொன்னதா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"இல்லைங்கய்யா. நான் எழுதுனது."

"அடுத்த ரெண்டு வாக்கியம்?"

"அதுவும் நான் எழுதுனதுதான். அந்தப் பிள்ளை ஒண்ணுமே சொல்லலைங்கய்யா. எல்லாப் புகார்லயும் எழுதுற மாதிரி எழுதிட்டேன்."

நீதிபதி பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். பிற்பாடு குருசாமிக்கு விளக்கம் கேட்டுத் துறையிலிருந்து குறிப்பாணை வந்தது. கண்டித்ததோடு விட்டுவிட்டார்கள்.

மேனேஜர் கூண்டில் ஏறி, எங்கள் கம்பெனியில் தீ தவிர வேறு எதற்கும் யாரும் சத்தம் போடக் கூடாது, போர்மேன்தான் அதைச் சொல்லிக்கொடுப்பவர் என்று பெருமையாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் போர்மேன் முகத்தைப் பார்த்தார். பேச்சியம்மாள் இரண்டு கையையும் தன் நெஞ்சில் வைத்துக் காட்டி, "இப்பிடி இருந்துச்சுய்யா" என்றாள். அவளுக்கு வேலை போனது உண்மை. பிறகு வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். அவள் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சில் மாரிச்சாமி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். செல்வி கண்ணில் படாமல் வெளியே வேப்ப மரத்தடியில் நிற்பாராம். அன்றுதான் உள்ளே வந்திருந்தார்.

குற்றம் நிரூபிக்கப்பட்டதாகத் தீர்ப்பு வந்தது. சத்தம் போடாததைச் சம்மதமாகக் கொள்ள முடியாது, இந்தத் தொழிலின் சூழ்நிலையில் அது இயல்பான நடத்தையே என்று நீதிபதி எழுதியிருந்தார். போர்மேனைச் சிறைக்கு அழைத்துப்போனார்கள். பின்னால் மேல்முறையீட்டில் தண்டனைக் காலம் கொஞ்சம் குறைந்தது. குற்றம் நிலைத்தது.

அன்றைக்கு செல்வி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஆங்கிலத்தில் வாசித்ததில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். சொன்னேன். "சத்தம் போடாததைப் பத்தி?" என்றாள். அதையும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மாரிச்சாமி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா, நான் அவகிட்ட என்னன்னு பேசறது?"

"எங்கிட்டக் கேக்காதீக. அங்க போய் நில்லுங்க."

போனார். அவளுக்கு ஒரு கை தூரம் தள்ளி நின்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். சாத்தூர் பஸ் வந்தது.

"பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டுருவாக. நான் போறேன்" என்றாள். படியில் கால் வைத்த பிறகு, "வர்றதா இருந்தா வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வருகிறாரா என்று பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். பஸ் கிளம்பி நகரத் தொடங்கிய பிறகு அவர் ஓடிப்போய்ப் பின்வாசலில் ஏறினார்.